முந்தானை தெரியும்படி நின்றவள்

என் வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ ஒன்று நிற்கிறது. அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு பழைய வேட்டி தொங்குகிறது. புடவை எடுக்க வருகிறவர்கள் தோளில் போட்டுப் பார்க்கக் கண்ணாடியைத் தேடுவார்கள். உடைஞ்சிருக்கா என்று கேட்பார்கள். ரசம் போயிடுச்சு என்பேன். கண்ணாடியில் தெரியும் பல்லியோடு இன்னொரு பல்லி சண்டை போடுகிறது என்றுகூட ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு கைக்கண்ணாடியை எடுத்து நீட்டுவேன். அதற்குமேல் அவர்களும் கேட்பதில்லை.

உண்மையைச் சொல்ல, என் மாடி அறையில் இருந்தவளிடமிருந்து எனக்கு இத்தனை நாள் கழித்து இப்போதுதான் அனுமதி வந்திருக்கிறது. அதுவும் அரைகுறை அனுமதி. ஆரணி என்று எழுதலாம், பட்டு என்று எழுதலாம். ஆள் பெயர் ஒன்றுகூடக் கூடாது. அவள் நாட்டின் பெயர் கூடாது. என் பெயரும் கூடாதாம். "உங்களுக்குப் பெருமை பேசாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும் அக்கா. ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்று போனில் சிரித்தாள். சரி, பேசுகிறேன்.

நான் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, பட்டு நெய்கிற குடும்பத்துக்கே வாழ்க்கைப்பட்டவள். கொழுந்தன் வீட்டில் தறி ஓடுகிறது. விற்பது என் வேலை. போர்டு மாட்டிய கடையெல்லாம் கிடையாது, கூடம்தான் கடை. கணவர் போய்விட்டார். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாடி அறை காலி. எனக்குக் கோபம் ஜல்தியாக வரும். அதைவிட ஜல்தியாக வருவது தற்பெருமை. இந்தக் கதையில் நடந்த தப்பும் அதனால்தான் நடந்தது.

சென்னையில் ஒரு வக்கீல் அம்மா எனக்குப் பழக்கம். அவர் வீட்டு இரண்டு கல்யாணத்துக்கும் பட்டு என்னிடம்தான் எடுத்தார். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அவருடைய போனையும் என் போனையும் வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். புடவை பார்க்க வந்தவர் இப்படிச் செய்ய மாட்டார் என்று மட்டும் புரிந்தது.

"உங்க மாடி ரூம் காலிதானே?"

"காலிதாங்க. யாருக்கு?"

யாருக்கு என்பதை ஒரு மணி நேரம் சொன்னார். கடல் தாண்டிய ஒரு நாட்டில் துணி தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். நாற்பது வயது. ஆலைக் கதவை வெளியே பூட்டிவிட்டுத் தைக்க வைக்கிறார்கள், தீப்பிடித்தால் நாங்கள் எப்படி ஓடுவது என்று கேட்டு வேலைநிறுத்தம் நடத்தியவள். பூட்டைத் திறக்கச் சொன்னதற்குத் தேசத் துரோகம் என்று வழக்கு. அவள் ஒரு தொழிலாளர் கூட்டத்துக்காக முறையான விசாவில் இங்கே வந்திருந்த வாரத்தில் கூட்டாளிகளை அங்கே பிடித்துவிட்டார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டார்கள். திரும்பிப் போனால் சிறை. வேறு ஒரு நாடு அவளை ஏற்றுக்கொள்ளும்வரை எங்காவது இருந்தாக வேண்டும். சென்னையில் அவள் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள். காய்கறிக் கடையில் ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, படமும் எடுத்திருக்கிறான். அதோடு சென்னை சரிப்படாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"நம்ம ஸ்டேஷனுக்கும் மேல இருக்கிற ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்திருக்கேன். சட்டத்துக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணல. தேடுறவங்களுக்குத்தான் தெரியக் கூடாது" என்றார்.

"தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க?"

அவளோடு சங்கத்தில் இருந்த ஒருவர் வேறொரு நாட்டில் தஞ்சம் புகுந்திருந்தாராம். யாரோ பிறந்தநாள் கேக் வெட்டிய படத்தில் அவர் ஓரமாக நின்றார். பின்னால் ஜன்னல் வழியே தெருவும் தெரிந்தது. படம் வெளியே போன சில நாட்களில் அறை திறந்து கிடந்தது, அவரைக் காணவில்லை. இன்றுவரை காணவில்லை. வக்கீல் அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். "ஒரே ஒரு விஷயம்தான். அவ முகம் இந்த ஊரோட சேர்ந்து எந்தப் படத்துலயும் வரக் கூடாது."

நான் உடனே சரி என்றேன். யோசித்துச் சொன்னதாக இப்போது பீற்றிக்கொள்ளலாம். யோசிக்கவில்லை. கதவைப் பூட்டி வேலை வாங்கினார்கள் என்று கேட்டதும் வந்த கோபத்தில் சொன்னதுதான்.

அடுத்த வாரம் காலை பஸ்ஸில் ஒரே ஒரு பையுடன் வந்து இறங்கினாள். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. அவள் கொள்ளுத் தாத்தா நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவராம். அதனால் தமிழ் பேசினாள், ரேடியோவில் செய்தி வாசிப்பதைப்போல. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காபி வேண்டுமா என்று நான் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

எங்கள் தெருவில் புதிதாக ஒரு ஆள் நுழைந்தால் தறிச் சத்தம்கூட ஒரு நிமிஷம் நின்றுதான் ஓடும். எதிர் வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் நெய்கிறான், அவள் மத்தியானத்தில் என் வீட்டில் முந்தானைக்குக் குச்சு கட்டுகிறாள். ஊர் விஷயம் அவ்வளவும் அவள் வழியாகத்தான் போகும்.

"யாருக்கா அது, புதுசா இருக்குது?"

"எங்க வீட்டுக்காரர் வழிச் சொந்தம். பெங்களூரு."

"பெங்களூர்ல எந்தப் பக்கம்? எங்க சித்தி பொண்ணு அங்கதான இருக்கிறா!"

நான் பெங்களூருக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அதுவும் கல்யாண மண்டபத்துக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தேன். பேச்சை மாற்றப் பார்த்தும் விடவில்லை. இவள் வாயைத் திறந்தால் அந்தத் தமிழ் காட்டிக் கொடுத்துவிடும். வேறு வழி தெரியாமல், "அவளுக்குத் தொண்டை ஆபரேஷன். டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்றேன்.

மாடிக்குப் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆலை வாசலில் மேடை போட்டுப் பேசியவள் அக்கா நான். வந்த முதல் நாளே என்னை ஊமையாக்கிவிட்டீர்கள்." எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, பெங்களூர்ப் பக்கம் படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லி, அவள் தொண்டையைக் குணமாக்கினேன்.

ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. பையைப் பிரிக்கவே இல்லை, அவ்வளவுதான். துவைத்த துணியைத் திரும்பப் பைக்குள்ளேயே மடித்து வைப்பாள். வாசலில் தெரியாத பைக் சத்தம் நின்றால் கையில் இருக்கும் தட்டு அப்படியே நிற்கும். வாரம் ஒரு முறை அவள் தம்பி போனில் பேசுவான். அவனை அங்கே ஒவ்வொரு வாரமும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, அக்கா எங்கே என்று கேட்டு அனுப்புகிறார்கள். அதனால் இவள் எங்கே இருக்கிறாள் என்று அவனிடம் சொல்லவே இல்லை. தெரியாதது அவனுக்கு நல்லது என்பாள். அக்காவும் தம்பியும் பேசுகிற பேச்சா அது? சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, அவ்வளவோடு முடிந்துவிடும்.

சும்மா உட்கார அவளால் முடியவில்லை. கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து குச்சு கட்டுவதைப் பார்த்து இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். தைத்துப் பழகிய விரல் அல்லவா! முந்தானை நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு இழுக்கும்போது கடைசி முடிச்சைச் சற்றே இடப் பக்கம் சாய்த்து விடுவாள். தப்பு என்று திட்டினேன். பார்க்கப் பார்க்க அதுதான் அழகாகத் தெரிந்தது. ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் கூடத்துக்கு வந்தால் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வீட்டுக்காரிதான் பேசினாள். "கண்ணு எரியுதுக்கா. இந்த மூலைல வெளிச்சமே இல்ல. ட்யூப் லைட்டு வேணும். முதுகு சாஞ்சிக்கப் பலகையும் வேணும்." இந்த வாயாடிக்கு இத்தனை வருஷமாக வராத யோசனை திடீரென்று எங்கிருந்து வந்தது? அவள் பின்னால் பார்த்தேன். பெங்களூர்ச் சொந்தம் ஒன்றும் தெரியாததுபோல நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"என் சோத்தத் துன்னுகினு என் வீட்லயே கொடி புடிக்கிறியாடி?" என்று கத்தினேன்.

"வெளிச்சம் கேட்பது கொடி பிடிப்பது ஆகுமா அக்கா? ஆகும் என்றால், ஆமாம்" என்றாள்.

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நாலாம் நாள் லைட் வந்தது, பலகையும் வந்தது. இன்றும் அந்த வெளிச்சத்தில்தான் வேலை நடக்கிறது. வந்தவர்களிடம், எங்க வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற வசதி வேறு எங்கேயும் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். வெட்கமே இல்லை எனக்கு.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

பட்டுப் புடவையை இப்போதெல்லாம் படம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தறியிலிருந்து இறங்கி, குச்சு கட்டி முடிந்ததும் படம் எடுத்துப் போனில் வியாபாரக் குரூப்பில் போடுவோம். அங்கிருந்து போளூர்க்காரர், தேசூர்க்காரர், மலேசியாக்காரர் என்று வாங்கி விற்கிறவர்கள் தங்கள் நம்பரைப் போட்டு மேலே அனுப்புவார்கள். புடவைக்கு முந்தானையும் காட்ட வேண்டும், முன்கொசுவமும் காட்ட வேண்டும். இரண்டு படம் போட்டால் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டியவளைப் பீரோக் கண்ணாடியைப் பார்த்து நிற்க வைப்பேன். பின்னாலிருந்து எடுப்பேன். முதுகில் முந்தானை விரிந்திருக்கும், கண்ணாடியில் கொசுவமும் பார்டரும் விழும். ஒரே படத்தில் முழுப் புடவை. இன்று ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆரம்பித்தவள் நான்தான்.

அன்று இறங்கியது அரக்கு நிறத்தில் பச்சை பார்டர் போட்ட புடவை. கொழுந்தன் தறியில் அப்படி ஒரு புடவை வருஷத்துக்கு ஒன்று இறங்கினாலே அதிகம். குச்சு அவள் கட்டியது. அந்த நேரம் கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"கொஞ்சம் கட்டி நில்லும்மா. முகம் வராது. திரும்பித்தான் நிக்கப் போற" என்றேன்.

தயங்கினாள். திரும்பித்தானே என்று கேட்டுக்கொண்டாள். கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரான முதுகில் அந்த முந்தானை! எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜரிகை பளிச்சென்று விழுந்திருக்கிறதா, பார்த்தேன். கொசுவத்தில் மடிப்பு கலைந்திருக்கிறதா, பார்த்தேன். நிறம் உள்ளபடி வந்திருக்கிறதா, அதையும் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் படம் எடுக்கிறவள் நான். ஒரு படத்திலும் புடவைக்கு மேலே பார்த்துப் பழக்கமில்லை. அன்றும் பார்க்கவில்லை. குரூப்பில் போட்டுவிட்டுச் சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கப் போனேன்.

சாயங்காலம் எதிர் வீட்டுக்காரி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தங்கச்சி, நீ சினிமால நடிக்கப் போலாம். இன்னா களையா இருக்கிற பாரு!" கண்ணாடியில் கழுத்துக்கு மேலே அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. கீழே என் நம்பரும் ஆரணிப் பட்டு என்ற எழுத்தும் இருந்தன.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். மாடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்து வாசல் பக்கம் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த ஊருக்குப் போவது என்று தெரியாததால்தான் உட்கார்ந்தாள். நான் குரூப்பில் அழித்தேன். ஆனால் படம் ஏற்கெனவே எத்தனை கை மாறியதோ, யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, புடவையில் நெசவுப் பிழை இருக்கிறது, படத்தை எடுத்துவிடுங்கள் என்று பொய் சொன்னேன். நல்ல புடவையில் பிழை என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வக்கீல் அம்மா போனில் திட்டியதை இங்கே எழுத முடியாது. எனக்கு அவ்வளவும் வேண்டும்.

நான்காம் நாள் தம்பி பேசினான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவளுடைய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதை எனக்குத் தமிழில் சொன்னாள். "அரக்கு நிறம் உனக்கு நன்றாக இருக்கிறது அக்கா." அலுவலகத்தில் அந்தப் படத்தை அவன் முன்னால் வைத்து, இது உன் அக்காதானே என்று கேட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு வெட்கப்பட்டதில்லை. இவளை இனி எந்த ஊருக்கு அனுப்பினாலும் அங்கேயும் ஒரு பொய், ஒரு பூட்டிய அறை. நான் தெருவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். வக்கீல் அம்மா வேண்டாம் என்றார். அவள்தான் பிடிவாதமாக நின்றாள். "மறைந்து இருக்கிறவளைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம். அவள் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. காணவில்லை என்று கேட்க நான்கு பேர் வேண்டும்" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று அவளே பேசினாள். பூட்டிய கதவிலிருந்து பீரோக் கண்ணாடிவரை எல்லாவற்றையும் சொன்னாள். மேடையில் பேசியவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குரல் ஒரு இடத்தில்கூடத் தேயவில்லை. முடித்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பயந்துபோனேன். நமக்கெதற்கு இந்த வம்பு என்று ஒருத்தி சொன்னால்கூட அது நியாயம்தான், பிள்ளை குட்டிக்காரர்கள்.

எதிர் வீட்டுக்காரி எழுந்தாள். என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். "பெங்களூரா? என் சித்தி பொண்ணுகிட்ட நாலு வாட்டி கேட்டேன், அந்தத் தெருவே இல்லன்றா. என்னிய லூசுன்னு நெனச்சிகினு இருந்தியாக்கா? தெரிஞ்சிருந்தா அந்தப் போட்டாவ நானே பார்த்துச் சொல்லியிருப்பேனே! போட்டதும் மொதல்ல பாக்கறது நான்தான!"

கோபம் அவ்வளவும் பொய் சொன்னதற்கு. வம்பு வந்ததற்கு இல்லை. இன்னொருத்தி, நாளைக்குக் குழம்பு எங்க வீட்டிலிருந்து வரட்டும் என்றாள். யார் எப்போது வாசலில் இருப்பது, தெரியாத ஆள் வந்தால் யாருக்குச் சொல்வது என்று அவர்களாகவே பேசி முடித்தார்கள். எதிர் வீட்டுக்காரி உள்ளே போய் என் கணவருடைய பழைய வேட்டியைத் தேடி எடுத்து வந்து பீரோக் கண்ணாடி மேல் போட்டாள். அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். பை காலியாகச் சுவரில் தொங்கியது, துணிகள் அலமாரியில் இருந்தன.

தேடி ஆள் வருவான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வந்தான். சில வாரம் கழித்து ஒரு முற்பகலில் கார் வந்து நின்றது. நன்றாக உடுத்தியவன், நல்ல தமிழ். சென்னையில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எடுக்கிறானாம், ஆரணிப் பட்டுக்கு மாடல் தேடுகிறானாம். படம் கை மாறியதில் என் நம்பர் போய் ஊர் பெயர் மட்டும் மிஞ்சியிருந்ததால், தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்ததால் அங்கே நுழைந்து போனைக் காட்டினான்.

எதிர் வீட்டுக்காரி அப்புறம் இதைப் பல முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். போனில் அவள் முகம் மட்டும் இருந்தது. கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தது.

"படம் நல்லா இருக்குதுங்க. புடவை எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"புடவை வேணாம்மா. இவங்க யாருன்னு சொன்னாப் போதும்."

ஜவுளிக்காரன் முகத்தை வெட்டிவிட்டுப் புடவையை வைத்திருப்பான். இவன் புடவையை வெட்டிவிட்டு முகத்தை வைத்திருக்கிறான். பட்டு வியாபாரத்தில் இருக்கிற எவனும் அந்த அரக்குப் புடவையை வெட்டி எறிய மாட்டான். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று எதிர் வீட்டுக்காரிக்குப் புரிய அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

"உள்ள வந்து உக்காருங்க. ஆரணிக்கு வந்துட்டுப் பட்டு பாக்காம போவாங்களா?" என்று பாயை விரித்தாள். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, வந்துட்டான். ஜல்தியா பின்வாசல்ல அனுப்பு."

கொழுந்தன் பைக்கில் அவளைப் பின்தெரு வழியாக நேராகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனான். ஓடி ஒளிய வேண்டாம், அங்கே போய் உட்காருங்கள் என்று வக்கீல் அம்மா முன்பே சொல்லியிருந்தார். இங்கே எங்கள் தெரு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. எதிர் வீட்டுக்காரி இருந்த புடவை அத்தனையும் பிரித்துப் போட்டாள். இந்த அம்மா யாருன்னு பக்கத்து வீட்டில் தெரியும் என்று அங்கே அனுப்பினாள். அங்கே அவர்கள் டீ கொடுத்து, இன்னும் ஒரு அடுக்குப் புடவையைப் பிரித்தார்கள். மூன்றாவது வீடு என்னுடையது. நான் முகூர்த்தப் பட்டில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு முந்தானையையும் விரித்து, ஜரிகையைத் திருப்பிக் காட்டி, சாயம் எப்படிப் போட்டோம் என்று விளக்கினேன். அவன் எழுந்தால் மடியில் இன்னொரு புடவை விழுந்தது. ஆரணியில் ஒரு பெண் புடவை விரிக்க ஆரம்பித்துவிட்டால் எந்த ஆம்பளையாலும் எழுந்து போக முடியாது. அந்த வித்தையை நாங்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் ஒருவன் மேல் காட்டினோம்.

நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தபோது அவன் புடவைகளுக்கு நடுவே வியர்த்து உட்கார்ந்திருந்தான். விசாரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள், அழைத்துப்போனார்கள். யார் அனுப்பினார்கள் என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. போலீஸ் வருவதற்குள் அவன் இரண்டு புடவை வாங்கியிருந்தான், ஏன் வாங்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவன் பெண்டாட்டிக்காவது அந்தப் பயணத்தில் நல்லது நடந்தது.

அந்தப் புகாரின் நகலை வைத்துத்தான் வக்கீல் அம்மா விஷயத்தைத் துரிதப்படுத்தினார். ஆபத்து இங்கேயே வந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. குளிர் நாடு ஒன்று அவளை ஏற்றுக்கொண்டது. புறப்படும் நாளில் அலமாரியைக் காலி செய்து, சுவரில் தொங்கிய பையை எடுத்தாள். நான் அந்த அரக்குப் புடவையை அதற்குள் வைத்தேன். அதைப் போட்டோவில் பார்த்துக் கேட்டவர்கள் எத்தனையோ பேர், யாருக்கும் கொடுக்கவில்லை. தெருவே வாசலில் நின்றது. யாரும் போனை வெளியே எடுக்கவில்லை. எங்கள் தெருவில் படமில்லாமல் நடந்த ஒரே வழியனுப்பு அது. அவள் முகம் உள்ள ஒரு படம்கூட எங்களில் யாரிடமும் இல்லை.

ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. தம்பியும் எல்லை தாண்டிப் பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் முகம் காட்டிப் பேச ஒப்புக்கொண்டாள். தொழிலாளர்களுக்காக வெளிநாட்டில் நடந்த ஒரு விசாரணையில் சாட்சி. அதைப் போனில் நேரடியாகப் பார்க்கலாம் என்று வக்கீல் அம்மா வழி சொன்னார். குறித்த நேரத்தில் என் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. போனை டிவியில் இணைத்திருந்தோம். வக்கீல் அம்மா இன்னொரு போனில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரையில் அவள் வந்ததும் எதிர் வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். அரக்குப் புடவை, பச்சை பார்டர். முகம் நேராக எங்களைப் பார்த்தது. பூட்டிய கதவைப் பற்றிப் பேசினாள், பிடிபட்ட கூட்டாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், காணாமல்போனவரைப் பற்றிக் கேட்டாள். அந்த மொழி எங்களுக்குத் தெரியாது. குரல் தெரியும்.

கடைசியில் நடுவே உட்கார்ந்திருந்தவர் ஏதோ கேட்டார். "அத்தனை நாள் எங்க பத்திரமா இருந்தீங்கன்னு கேக்கறாங்க" என்றார் வக்கீல் அம்மா. ஆரணி என்று சொல்லப்போகிறாள், உலகமே கேட்கப்போகிறது என்று வெட்கமில்லாமல் காத்திருந்தேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். வக்கீல் அம்மா அதைத் தமிழில் சொன்னார். "ஊர் பேரச் சொல்ல மாட்டாங்களாம். அங்க இருக்கிற பொம்பளைங்க இவங்களக் காப்பாத்தினாங்களாம், இப்ப அந்தப் பொம்பளைங்கள இவங்க காப்பாத்தணுமாம்."

"அடிப்பாவி, நம்மள இவ காப்பாத்துறாளாமே!" என்றாள் எதிர் வீட்டுக்காரி. சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

கேள்விகள் முடிந்தன. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். போவதற்குத் திரும்பினாள். திரும்பியவள் போகவில்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டி, தோளில் இருந்த முந்தானையைக் கையால் நீவி முழுசாக விரித்துவிட்டு, அசையாமல் நின்றாள். அந்த மண்டபத்தில் இருந்த யாருக்கும் அது ஏன் என்று தெரிந்திருக்காது. இடப் பக்கம் சாய்ந்த முடிச்சுகளோடு குச்சு வரிசையாகத் தெரிந்தது. நான் இந்தக் கூடத்தில் நிற்கச் சொன்னேனே, அதே மாதிரிதான் நின்றாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே, ஜரிகை எப்படி விழுந்திருக்கிறது பாருங்கடி என்றேன்.